கெடாத பால்

தயிர் உறையவில்லை என்றால் பாலைப் பார்க்க வேண்டும், பானையைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் என்னைப் பார்த்தார்கள். என் கால், என் ராசி, என் தீட்டு. ஒரு பானைத் தயிர் தண்ணியாக நின்றதற்கு ஒரு பெண்பிள்ளையைக் கப்பலேற்றத் துணிந்த குடும்பம் எங்களுடையது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அப்போது வரவில்லை.

என் வீட்டுக்காரர் சேதுபதிக்குப் பால் வியாபாரம். சிராங்கூன் ரோட்டில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்திருந்த காலம் அது. விடியுமுன் பாலஸ்டியர் பக்கத்து மாட்டுக் கொட்டகைகளுக்குப் போய்ப் பாலெடுத்து, கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து, தேக்காவைச் சுற்றியிருந்த வீடுகளுக்குக் காலையிலும் மாலையிலும் ஊற்றுவார். அவருடைய அக்கா மங்களம், எனக்கு நாத்தனார், புருஷனை இழந்தபின் எங்களோடு இருந்தாள். மிஞ்சுகிற பாலைத் தயிராக்கி வாசலில் வைத்து விற்பாள். அவள் தயிருக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பேர். நான் நாகப்பட்டினத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலில் இந்த ஊருக்கு வந்தவள், அன்னம்மா. கையில் ஆண்பிள்ளை, செல்லக்கண்ணு என்று பேர், அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தான்.

பிள்ளை பெற்ற கையோடு எனக்குக் கடும் ஜுரம் வந்து தாய்ப்பால் வற்றிவிட்டது. பால்காரன் பிள்ளைக்குப் பாலுக்கா பஞ்சம் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். காலையில் ஒரு செம்பு பால் தனியாக எடுத்து வைப்பார். அதைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, பொழுது முழுக்கப் பாலாடையில் புகட்டுவோம். முதலில் பிள்ளை நன்றாகத்தான் குடித்தான். தொடையில் மடிப்பு விழுந்தது. அதைக் கிள்ளிக் கிள்ளி நாத்தனாருக்குக் கை ஓயாது.

இந்த ஊர் வெக்கையில் பாலை வைத்துப் பிழைப்பது லேசான காரியமில்லை. காலையில் கறந்தது மத்தியானம் புளித்துவிடும். என் வீட்டுக்காரர் என்னென்னவோ செய்து பார்த்தார். ஐஸ் ஆலையில் கட்டி வாங்கி, மரத்தூளில் புரட்டி, கோணியில் சுற்றிக்கொண்டு வருவார். வண்டி வீட்டுக்கு வருவதற்குள் பாதி ரோட்டில் ஒழுகியிருக்கும். ஈரச் சாக்கைக் கேனுக்குப் போர்த்தினார். மாலைப் பாலைக் காய்ச்சியே கொண்டுபோனார். அப்படியும் திரிந்துபோகும். ஒரு வாடிக்கைக்காரன் திரிந்த பாலை அவர் காலிலேயே கொட்டினான். அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் பால் திரிவது நின்றது. காலையில் எடுத்த பால் விளக்கு வைக்கிற வரைக்கும் அப்படியே இருந்தது. எப்படி என்று கேட்டோம். புதுக் கேன், மூடி நல்ல இறுக்கம் என்றார். நாங்களும் நம்பினோம். வாடிக்கை வீடுகள் கூடின. சேதுபதி பால் கெடாது என்று தேக்கா முழுக்கப் பேச்சு. தம்பியின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லி நாத்தனாருக்கு வாய் வலித்திருக்கும்.

அதே சமயத்தில்தான் தயிர் உறையாமல் போனது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நல்லது நடந்தால் அவர் கெட்டிக்காரத்தனம், கெட்டது நடந்தால் நான். வீட்டில் நியாயம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாத்தனார் பானையை மாற்றினாள். சாம்பிராணி போட்டாள். எலுமிச்சையும் மிளகாயும் கட்டினாள். வேறு வீட்டிலிருந்து உறைமோர் வாங்கி வந்து ஊற்றினாள். பால் பாலாகவே நின்றது. வாடிக்கைக்காரர்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். பிள்ளை பெற்ற தீட்டு சரியாகக் கழியாமல் நான் அடுப்படியில் கை வைத்ததுதான் காரணம் என்று ஆரம்பித்தாள். என்னை அடுப்படிக்கு வராதே என்றாள். நான் வராமலும் உறையவில்லை. அதற்கு மேல் அவளுக்கு நான் இந்த வீட்டில் இருப்பதே தீட்டு.

இதற்கிடையில் செல்லக்கண்ணு இளைத்துக்கொண்டே வந்தான். தொடை மடிப்பு போய்த் தோல் தொங்கியது. குடித்ததைக் கக்கினான். வயிறு கல்லாக இருந்தது. அழுகைகூடச் சுரத்தில்லாமல் பூனைக்குட்டி முனகுவதுபோல் வந்தது. நாட்டு வைத்தியர் ஓமத்தண்ணி கொடுக்கச் சொன்னார், கொடுத்தோம். பெற்றவள் கண் பட்டுத்தான் பிள்ளை உருகுகிறது என்று நாத்தனார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாய் பார்க்காமல் பிறகு யார் பார்ப்பது என்று கத்தினேன். கத்தியதற்கும் சேர்த்துக் குற்றம் எழுதினார்கள்.

கடைசியில் வியாழக்கிழமை நாகப்பட்டினம் போகிற கப்பலில் என்னை ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. பிள்ளை இங்கேயே இருப்பான். இந்த நிலையில் கடலைத் தாங்க மாட்டான், வம்சத்துக்கு ஒரே பிள்ளை, நான் வளர்த்துக்கொள்கிறேன் என்றாள் நாத்தனார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு எதிரே அவருக்கு வாய் கிடையாது, அவ்வளவுதான். நான் போனால் திரும்பி வருவதற்குள் பிள்ளை இருக்க மாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. 

அந்த வாரம் நான் வீட்டுக்குத் தூரமாகிப் பின்புறத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையைத் தொடக் கூடாது. உள்ளேயிருந்து அவன் முனகல் கேட்கும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் மைமூன் அக்கா வீடு. அவள் புருஷனுக்குத் துணிக்கடை. வீட்டுத் தேவைக்கு ஒரு பசு வைத்திருந்தாள். அவளிடம்தான் அழுதேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"உன் கை பட்டா உறையாதாமா? எங்க, என் பாலுல வச்சுக் காட்டு பாப்போம்."

நான் தூரம் என்றேன்.

"எங்க வீட்டுப் பாலுக்கு அதெல்லாம் தெரியாது புள்ள. வா இங்க."

செவ்வாய்க்கிழமை காலை அது. அவள் வீட்டுப் பாலைக் காய்ச்சி ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். எங்கள் வண்டியில் அவள் எதிர்வீட்டுக்காரி வாங்கியிருந்த பாலில் கொஞ்சம் கேட்டு வாங்கி, அதையும் காய்ச்சி இன்னொரு கிண்ணத்தில் ஊற்றினாள். ஒரே உறைமோர். இரண்டிலும் நான்தான் விட்டேன். குளிக்காத கை. எனக்கிருந்த ஆத்திரத்தில் விரலை முழுசாக உள்ளே விட்டே கலக்கினேன். உறையாவிட்டால் உறையாமல் போகட்டும், என் கைதான் பாவம் என்று நானே ஒப்புக்கொண்டு கப்பலேறிவிடுகிறேன் என்று வீம்பு. வேலியோரம் ஒரு நிழலில் மூடி வைத்தோம்.

மத்தியானம் வரைக்கும் நான் அந்த மூடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே பிள்ளை கக்கினான், நாத்தனார் துடைக்கத் துணி கேட்டுக் கத்தினாள். பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாததுதான் என்னை உலுக்கியது. வெயில் சாய்ந்ததும் மைமூன் அக்கா வந்து மூடியை எடுத்தாள்.

அவள் வீட்டுப் பால் கட்டித் தயிராக உறைந்திருந்தது. எங்கள் பால் பாலாகவே கிடந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சிரித்தேன். மைமூன் அக்காவும் சிரித்தாள். இதைக் கொண்டுபோய் அவள் மூஞ்சியில் காட்டுகிறேன் பார் என்று இரண்டு கிண்ணத்தையும் தூக்கினேன். வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு எங்கள் தாழ்வாரத்தில் கால் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் கையில் குற்றமில்லை என்றால் பாலில் குற்றம். அந்தப் பாலைத்தான் என் பிள்ளை குடிக்கிறான்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அடுப்படியில் நாத்தனார் காலை நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு, பாலாடையை அவன் வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அதைத் தட்டிவிட்டேன். பால் அவள் மடியெல்லாம் சிந்தியது. தூரமான பொம்பளை அடுப்படிக்குள் வந்ததற்கு அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியிருக்கும். இப்போதே மூட்டையைக் கட்டு என்றாள். நான் கிண்ணங்களை அவள் முன்னால் வைத்தேன்.

"ரெண்டுலயும் என் கைதான் பட்டுச்சு அண்ணி. இந்தக் கை, இன்னைக்குக் கை. இது மைமூன் அக்கா பாலு, உறைஞ்சிருக்கு. இது நம்ம பாலு. என் தீட்டு இதுக்கு மட்டுந்தான் தெரியுமா?"

 என்னை எத்தனை ஏசினாலும் அவள் பாலோடு பிறந்து வளர்ந்தவள். உறையாத கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். முகர்ந்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். காலையில் காய்ச்சிய பால், உறைமோர் விட்ட பால், இந்த வெக்கையில் ஒரு துளி புளிப்பு ஏறவில்லை. அவள் பார்வை கிண்ணத்திலிருந்து தரையில் கிடந்த பாலாடைக்குப் போனது, அங்கிருந்து பிள்ளைக்குப் போனது. அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"தம்பியக் கூப்பிடு" என்றாள், மெதுவாக.

அவர் வாசலில் மாலைப் பாலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வந்தார். கிண்ணங்களைப் பார்த்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பாலில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்டேன். கெஞ்சவில்லை, நேராகக் கேட்டேன். அவர் போய் வண்டிப் பலகைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன பழுப்புப் போத்தலை எடுத்து வந்தார்.

கப்பல்களுக்குச் சாமான் போடுகிற ஒருவன் துறைமுகத்தில் கொடுத்தானாம். சீமையில் பாலுக்கு இதைத்தான் விடுகிறார்களாம். ஐஸ் வேண்டாம், கோணி வேண்டாம், கேனுக்குச் சில சொட்டுப் போதும். போத்தலில் அடைத்த ஐஸ் என்று நினைத்துக்கொள் என்றானாம். அவரும் சும்மா நம்பிவிடவில்லை. முதலில் தானே குடித்துப் பார்த்தாராம், ஒன்றும் ஆகவில்லையாம். போத்தல் ஐஸ் என்று சொன்னால் அக்கா நம்ப மாட்டாள், மருந்து என்று சொன்னால் வாடிக்கைக்காரர்கள் வாங்க மாட்டார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லையாம். நான் தக்கையைப் பிடுங்கி மோந்தேன். நெடி மூக்கைக் குத்திக் கண்ணில் தண்ணீர் வந்தது. இதைக் குடித்துப் பார்த்தவர் நாற்பது வயசு ஆண்பிள்ளை. என் பிள்ளைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

"புள்ளைக்கு எடுத்து வைக்கிற பாலுலயும் விட்டீங்களா?"

"அதுலதான் மொதல்ல விடுவேன்" என்றார். "நாள் பூரா வச்சுப் புகட்டுற பாலாச்சே அன்னம். அவன் வாயில கெட்ட பாலு போயிடக் கூடாதுன்னு, அவன் செம்புக்கு மட்டும் ரெண்டு சொட்டு கூடவே விட்டேன்."

ஆசையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. நான் கையை ஓங்கினேன். அடித்திருப்பேன். அந்த முகத்தைப் பார்த்தபின் கை இறங்கிவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு அவர்மேல் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது.

நாத்தனார் எழுந்தாள். மைமூன் அக்கா வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக வேலியைத் தாண்டிப் போனாள். "என் தம்பி புள்ளைக்குப் பாலு குடும்மா" என்று அவள் கேட்டது எனக்கு இங்கே கேட்டது.  மைமூன் அக்கா பாலைக் காய்ச்சித் தண்ணீர் கலந்து ஆற்றினாள். முதல் பாலாடையைப் பிள்ளை கக்கினான். இரண்டாவதைப் பாதி விழுங்கினான். பிள்ளை பிழைத்துக்கொண்டான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சாயங்காலம் அது எங்களுக்குத் தெரியாது. அவன் கண் பாதி மூடியபடி கிடந்தான்.

நான் வாசலுக்கு வந்து, வண்டியிலிருந்த மாலைப் பாலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தேன். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. இன்றோடு நிறுத்திவிடுகிறேன் அன்னம், போதாதா என்றார். வெளியே தெரிந்தால் முனிசிபாலிட்டியிலிருந்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார்.

"காலைல ஊத்தின பாலு இன்னும் கெடாமத்தானே இருக்கும்?" என்றேன். "இப்பவும் ஏதாவது ஒரு புள்ள குடிச்சுக்கிட்டு இருக்கும். எந்தெந்த வீட்டுல கைப்புள்ள இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். நடங்க."

தூரமான பொம்பளை வீதியில் இறங்கலாமா என்று கேட்க அன்றைக்கு ஆளில்லை. பிள்ளையை அந்த நிலையில் விட்டுவிட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை. மைமூன் அக்காதான் போய்விட்டு வா, நான் இருக்கிறேன் என்று தள்ளிவிட்டாள். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். வண்டி இல்லாமல் அவர் அந்த ரோட்டில் நடந்து நான் பார்த்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நடந்தார்.

முதல் வீட்டில் சொன்னதும் அந்த அம்மாள் உள்ளே ஓடிப் பாலைக் கொட்டினாள். திரும்பி வந்து எங்களை ஏசிய ஏச்சை நான் இங்கே சொல்ல முடியாது. அடுத்த வீட்டில் ஆண்பிள்ளை அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் குறுக்கே போகவில்லை. இன்னொரு வீட்டில் சிரித்தார்கள். நல்ல பாலைக் கொட்டச் சொல்கிறாயே, வேறு வாடிக்கை கிடைத்துவிட்டதா என்றார்கள். அங்கே நான் செம்பை வாங்கி நானே கொட்டினேன்.

கம்போங் கப்பூர் திரும்புகிற முனையில் சிவகாமசுந்தரி அம்மாள் வீடு. பெரிய குமாஸ்தா வீடு. மழைக்காலத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது, அவளுக்கும் பால் போதவில்லை என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் அந்த வாசலைக் கடந்து போகப் பார்த்தார். அவர்கள் போன வாரமே பாலை நிறுத்திவிட்டார்கள், வேறு பால்காரனிடம் வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்றார். இருக்கட்டும், போன வாரம் வரைக்கும் குடித்த பிள்ளைதானே, வைத்தியரிடம் காட்டவாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று நான்தான் படியேறினேன்.

அவளே கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் லேசாகச் சிரித்து, உள்ளே வாங்க என்றாள். கூடத்தில் தூளிக் கயிறு உத்திரத்தோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டியிருந்தது. துணி இல்லை. நான் அதைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் பார்த்தார். அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கு அண்ணே இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றாள் அவரைப் பார்த்து. "பாலு பிடிக்காம நிறுத்திட்டோம்னு நெனச்சீங்களா? கொழந்த போயிட்டா. அதான் வேண்டாம்னு சொல்லி அனுப்பினேன். உங்க பாலுல ஒரு குறையும் இல்ல. கடைசி நாள் வரைக்கும் அந்தப் பாலு மட்டுந்தான் அவ வாயில போச்சு. ஒரு நாளும் கெடல."

  சொல்லத்தான் வந்திருக்கிறோம், நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். இந்த ஊரில் எனக்கு வாயாடி என்று பேர். ஒரு சொல்கூட எனக்குக் கிடைக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். என் கண்ணில் தண்ணீரைக் கண்டு, எனக்காக இரங்கி, என் தோளைத் தொட்டாள்.

"உனக்கும் கைப்புள்ளதானே அன்னம்மா? நல்லா இருக்கானா?"

"இருக்கான்க்கா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வந்த வெட்கம் என் வாழ்நாளில் எதற்கும் வந்ததில்லை. அப்புறம் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொன்னேன்.